பெண்ணையாத்தை ஒட்டியே சைக்கிள்ல போயி ஜவ்வாது மலை ஏறணும், ரூட் சொல்லுங்க

தாழங்குடா_காத்து (கடலூர்)

எல்லாருக்கும் வணக்கம். மஞ்சக்குப்பத்துல இருக்கேன். ஞாயித்துக்கிழமை விடிகாலைல கடலூர்ல கெளம்பி பாண்டி பீச் வரைக்கும் மிதிச்சிட்டு திரும்பற கூட்டத்துல நானும் ஒருத்தி. போக வர 45 கிமீ கிட்ட வரும், அது இப்ப உடம்புக்கு பழகிப்போச்சு. ஒவ்வொரு வாட்டியும் பெண்ணையாத்து பாலத்தை தாண்டும்போது இந்த ஆத்தோடயே எதிர்ப்பக்கமா போனா எங்க போயி நிக்கும்னு ஒரு ஆசை. சின்ன வயசுல தை அஞ்சு ஆத்துத்திருவிழாவுக்கு தாத்தா கூட்டிட்டு போயி சிறுகிழங்கு வாங்கி குடுப்பாரு, அப்பலேந்தே இருக்கற ஆசைதான். இப்ப ஜனவரி கடைசில நாலு நாள் லீவு கெடைக்குது, தம்பியும் வரேங்கிறான்.

ஹைப்ரிட் சைக்கிள், முன்னாடி 48-38-28 பல்லு, பின்னாடி 14-28 பல்லு ஏழு கியர், 32 மிமீ டயர், வி பிரேக். ஆத்தை ஒட்டியே போயி கடைசில ஜவ்வாது மலை ஏறி ஜமுனாமரத்தூர் பாக்கணும். இந்த கியர்ல மலை ஏறுமா? ஆபீஸ்ல எல்லாரும் செஞ்சி வழியா போங்கறாங்க, அது சரியா? தம்பி டென்ட் எடுத்துட்டு வரேன், காட்டுலயே தங்கிக்கலாம்ங்கிறான், எனக்கு அது சரியா படல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

உப்பளம் பெடல் (புதுச்சேரி)

தங்கச்சி, செஞ்சி ரூட் மோசம்னு சொல்ல மாட்டேன், அந்த பாறை மலையும் கோட்டையும் பாக்கவேண்டியதுதான், ஆனா திண்டிவனம்-கிருஷ்ணகிரி ரோட்டுல லாரி கூட்டம் ஜாஸ்தி, நீங்க கேக்கற ஆறும் அங்க கெடையாது. உங்க ஊர்லயே நல்ல ரோடு இருக்கு, கடலூர்-சித்தூர் ரோடு. நெல்லிக்குப்பம், பண்ருட்டி, மடப்பட்டு, திருக்கோவிலூர், திருவண்ணாமலைன்னு போகும். திருக்கோவிலூர் சுமார் 75 கிமீ. ஜனவரி கரும்பு சீசன், நெல்லிக்குப்பம் பக்கம் டிராக்டர் லோடு ரோட்டை அடைச்சிட்டு வரும், அதனால விடிகாலை அஞ்சு மணிக்கே கெளம்பிடுங்க. மடப்பட்டுல திருச்சி ஹைவேயை எறங்கி தள்ளிட்டு தாண்டுங்க. அதுக்கப்புறம் வயலும் பனையும் ஏரியுமா நல்லா இருக்கும், ஏத்தம்னு கால்ல தெரியவே தெரியாது.

முத நாள் திருக்கோவிலூரோட நிறுத்திடுங்க, ஒரே நாள்ல திருவண்ணாமலை வரை மிதிக்கணும்னு நெனைக்காதீங்க. உலகளந்த பெருமாள் கோயில் இருக்கு, வீரட்டேஸ்வரர் கோயில் இருக்கு, சாயங்காலம் ஆத்துக்கு போனா தண்ணிக்கு நடுவுல கபிலர் குன்று. பாரி மகளிருக்கு கல்யாணம் முடிச்சு வெச்சுட்டு கபிலர் உயிர விட்ட எடம்னு சொல்ற பாறை, மேல சின்னதா ஒரு கோயில். அங்க ஒரு மணி நேரம் ஒக்காருங்க. கடலூர் பாலத்துல நீங்க பாக்கற அகலமான மணல் ஆறு வேற, இங்க பாறைக்கு நடுவுல ஓடற ஆறு வேற, ரெண்டும் ஒண்ணுதானான்னு தோணும்.

ரெண்டாவது நாள் திருக்கோவிலூர்ல இருந்து மணலூர்பேட்டை. உங்க தாத்தா கூட்டிட்டு போன அதே தை அஞ்சுக்கு இங்க திருவண்ணாமலைலேந்து அண்ணாமலையாரே தீர்த்தவாரிக்கு வருவாரு. அங்கிருந்து ஆத்தை தாண்டி தண்டராம்பட்டு, சாத்தனூர். மேப் பாத்துட்டு அகரம்பள்ளிப்பட்டு-தொண்டமானூர் பாலத்தை நம்பி போயிடாதீங்க. 2024 டிசம்பர் ஆரம்பத்துல ஃபெஞ்சல் புயல் மழைக்கு சாத்தனூர்லேந்து 1.68 லட்சம் கனஅடி தெறந்து விட்டாங்கல்ல, அப்ப அந்த புது பாலம் அடிச்சிட்டு போச்சு. அதே தண்ணிதான் நம்ம ஊர் வரைக்கும் வந்து ஊரையே முழுகடிச்சது. ஆத்தங்கரை மண் ரோட்டுல பல எடம் அப்ப அறுத்துக்கிட்டு போனதுதான், ஊர்க்காரங்க யாரையாவது கேட்டுட்டு உள்ள நுழைங்க.

சாத்தனூர் அணை 1958ல முடிச்சது, 119 அடி, சென்னகேசவ மலைக்கு நடுவுல கட்டியிருக்காங்க. உண்மையான மலையும் காடும் இங்கதான் ஆரம்பிக்குது. முதலைப் பண்ணையும் உண்டு, தண்ணில எறங்கற யோசனையே வேணாம். மதியம் சாப்ட்டுட்டு மெதுவா செங்கம் போயி தங்குங்க, அன்னைக்கு எல்லாம் சேத்து எழுபது கிமீ பக்கம் வரும்.

ஒண்ணு தெரிஞ்சுக்கங்க, ஜவ்வாது மலைல பொறக்கறது பெண்ணையாறு இல்ல. பெண்ணை கர்நாடகால நந்தி மலைப் பக்கம் பொறந்து கிருஷ்ணகிரி வழியா சாத்தனூருக்கு வருது. ஜவ்வாதுல பொறக்கறது செய்யாறு, அது செங்கம் வழியா வடகிழக்கா போயி பாலாத்துல சேருது. அதாவது சாத்தனூரோட ஒரு ஆத்தை விட்டுட்டு செங்கத்துல இன்னொரு ஆத்தை பிடிக்கிறீங்க. எனக்கு இந்த ரூட்டுல ரொம்ப புடிச்சதே இதுதான், ஒரு சின்ன மேட்டை தாண்டினா தண்ணி ஓடற திசையே மாறிடுது, பஸ்லயோ கார்லயோ போனா இது தெரியவே தெரியாது. செங்கத்தை சுத்தி பல்லவர் காலத்து நடுகல்லும் நெறைய, வயல் ஓரத்துல நிக்கும், மாடு மீட்டு செத்தவங்களுக்கு வெச்சது, பாத்தா எறங்கி நின்னு பாத்துட்டு போங்க.

மூணாவது நாள் காலைல பரமனந்தல் வழியா மேல. நாலாவது நாள் ஜமுனாமரத்தூர்லேந்து போளூர் எறங்குங்க, நாப்பது கிமீ பக்கம்.

பௌர்ணமி வருதான்னு காலண்டர் பாருங்க. கிரிவலம் அன்னைக்கு திருவண்ணாமலை சுத்துவட்டாரத்துல ரூமும் கெடைக்காது, ரோட்டுல சைக்கிளுக்கு எடமும் கெடைக்காது.

---

வில்லியனூர் ஸ்போக்

சைக்கிள் வேலை பாக்கறவன், கியர் பத்தி மட்டும் சொல்றேன். முன்னாடி 28 பின்னாடி 28ல பெடல் ஒரு சுத்து சுத்தினா சக்கரமும் ஒரு சுத்து, 700சி சக்கரத்துக்கு 2.1 மீட்டர். நிமிஷத்துக்கு 60 சுத்து மிதிச்சா மணிக்கு ஏழரை கிமீ. சமதரைல இது ஒண்ணுமே இல்ல, ஆனா பையோட மலை ஏத்தத்துல அந்த 60ஐ உங்களால புடிக்க முடியாது, சுத்து கொறையும், முட்டி வலிக்கும், அப்புறம் எறங்கி தள்ளுவீங்க. பின்னாடி ஃப்ரீவீலை, அதாவது பல்சக்கர அடுக்கை, 14-34 மாத்திடுங்க, ஏழு கியர்லயே கெடைக்குது, வெலையும் கம்மி. 28க்கு 34ன்னா ஒரு சுத்துக்கு 1.73 மீட்டர், மணிக்கு ஆறு கிமீ சொச்சம், அதே ஏத்தத்துக்கு பெடல்ல குடுக்கற அழுத்தம் அஞ்சுல ஒரு பங்கு கிட்ட கொறையும். கால்ல பலம் ஏத்தறதுக்கு மாசக்கணக்கா ஆகும், இது அரை மணி நேர வேலை. செயின்ல ரெண்டு கண்ணி சேக்க வேண்டி வரலாம், டீரெய்லர் (செயினை கியர் மாத்தி விடறது) நீளக் கைதானான்னு கடைல பாத்துக்கச் சொல்லுங்க. கெளம்பறதுக்கு மொத நாள் மாத்தாதீங்க, ஒரு வாரமாவது பாண்டி ரோட்டுல ஓட்டிப் பாருங்க.

முதுகுல பை மாட்டிட்டு ஏறவே ஏறாதீங்க. பின் கேரியர்ல ரெண்டு பக்கமும் தொங்கற பை, கனமானதெல்லாம் அடில.

எறக்கம்தான் எனக்கு பயம். வி பிரேக் ரிம்மை புடிக்கற பிரேக், மேலேந்து கீழ வரைக்கும் அழுத்திக்கிட்டே வந்தா ரிம் சூடேறி உள்ள டியூப் வெடிச்சிடும், அதுவும் வளைவுல வெடிச்சா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. வளைவுக்கு முன்னாடியே முன்னும் பின்னும் சேத்து நல்லா புடிச்சு வேகத்தை கொறைங்க, வளைவுக்குள்ள விட்டுடுங்க, நடுநடுவுல நின்னு ரிம்மை ஆற விடுங்க. பிரேக் கட்டை ரெண்டு சோடியும் புதுசா போட்டுட்டே கெளம்புங்க. அப்புறம் பெண்ணையாத்து கரை முழுக்க சீமைக்கருவேல முள்ளு, ஆளுக்கு ரெண்டு டியூப், பஞ்சர் ஒட்டற சாமான், பம்பு கட்டாயம். கரை ரோட்டை விட்டு வெளிய வந்ததும் டயரை ஒரு சுத்து சுத்திப் பாத்து குத்தியிருக்கற முள்ளை புடுங்கிடுங்க, உள்ள எறங்கறதுக்கு நேரம் எடுக்கும்.

---

கடல்மண்

ஆத்து வழிதான் வேணும்னா அடுத்த வாட்டி கல்வராயன் மலையும் பாருங்க. விருத்தாசலம், கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம், அங்க கோமுகி அணை, அதுக்கு மேல வெள்ளிமலை. அந்த தண்ணி கடைசில வெள்ளாத்தோட சேந்து பரங்கிப்பேட்டைல கடலுக்கு வருது, அதுவும் நம்ம மாவட்டம்தான். ரூம் வசதி முக்கியம்னா ஏலகிரி, 14 கொண்டை ஊசி வளைவுக்கும் புலவர் பேரும் வள்ளல் பேருமா வெச்சிருப்பாங்க, ஆனா லீவு நாள்னா டூரிஸ்ட் வண்டி நெறைய.

---

சாமைக்கஞ்சி (லாஸ்பேட்டை)

தோழி, டென்ட் விஷயத்துல உங்களுக்கு தோணினதுதான் சரி. தம்பிகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க. ஜவ்வாது சந்தனக் காடு, அதனால வனத்துறை எப்பவுமே கண்ணு வெச்சிருப்பாங்க. காப்புக்காட்டுல அனுமதி இல்லாம ராத்தங்கறதும் தீ மூட்டறதும் 1882ம் வருஷத்து வனச் சட்டத்துல குத்தம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், கரடி இருக்கற காடு அது. ஜனவரில சருகெல்லாம் காஞ்சு கெடக்கும், ஒரு தீப்பொறி போதும், அந்த காட்டை நம்பி இருக்கற ஜனங்களுக்கு பதில் சொல்ல முடியாது. ஜமுனாமரத்தூர்ல தங்கற எடம் இருக்கு, முன்னாடியே பேசி வெச்சுடுங்க, அஞ்சரைக்குள்ள ஊருக்குள்ள போயிடற மாதிரி நாளை வகுத்துக்கங்க.

ஏறும்போது தண்ணி ஆளுக்கு மூணு லிட்டர், பரமனந்தல் தாண்டினா கடை கம்மி. வாழப்பழம், கடலை மிட்டாய், ஓஆர்எஸ் பாக்கெட் கைல இருக்கட்டும். எழுநூறு எண்ணூறு மீட்டர் ஒசரத்துக்கு போறீங்க, ராத்திரி நம்ம கடலோரத்து ஆளுங்களுக்கு குளிர் தாங்காது, ஒரு நல்ல ஸ்வெட்டர் எடுத்துக்கங்க.

மேல இருக்கறது மலையாளிங்கற பழங்குடி ஜனங்க (கேரளாக்காரங்க இல்ல), சாமையும் தேனும் அவங்க ஒழைப்பு. நின்னு நாலு வார்த்தை பேசுங்க, சாமை, தேன், பலா எது கெடைச்சாலும் அவங்ககிட்டயே நேரா வாங்குங்க, பேரம் பேசாதீங்க. வீட்டையும் பொம்பளைங்களையும் புள்ளைங்களையும் கேக்காம போட்டோ எடுக்கறது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கற விஷயம், மலைக்கு போற நெறைய பேர் அத செய்யறாங்க.

மூணாவது நாள் சனிக்கிழமையா அமைஞ்சா, ஜமுனாமரத்தூர்லேந்து ஆலங்காயம் போற பக்கம் காவலூர்ல வைணு பாப்பு வானாய்வகம் இருக்கு. 2.34 மீட்டர் தொலைநோக்கி, 1986லேந்து வேலை செய்யுது, சனிக்கிழமை பொதுமக்களை உள்ள விடுவாங்க. ராத்திரி அந்த சுத்துவட்டாரத்துல பளிச்சுனு ஹெட்லைட்டை அடிச்சிட்டு திரியாதீங்க, இருட்டா இருக்குன்னுதான் அந்த எடத்தையே புடிச்சாங்க. பீமன் அருவியும் பாக்கலாம், பாறை வழுக்கும், ஓரமா நின்னா போதும்.

---

தாழங்குடா_காத்து (கடலூர்)

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சாத்தனூரோட ஒரு ஆறு விட்டு இன்னொரு ஆறுன்னு அண்ணன் சொன்னத படிச்சதுலேந்து மேப்பையே பாத்துட்டு இருக்கேன். ஃப்ரீவீலை இந்த வாரமே மாத்திடறேன். டென்ட் வேணாம்னு தம்பிகிட்ட சொல்லிட்டேன், அக்கா எழுதினத அப்படியே படிச்சு காட்டினேன், ஒத்துக்கிட்டான். கடைசியா ஒண்ணு, போளூர்ல எறங்கினப்புறம் கடலூர் வரை மிதிச்சே வந்துடலாமான்னு யோசிக்கறேன், இன்னொரு நாள் லீவு சொல்லிக்கலாம்.

---

உப்பளம் பெடல் (புதுச்சேரி)

வேணாம் தங்கச்சி. ஜனவரில காத்து கிழக்கு-வடகிழக்குலேந்து அடிக்கும், போகும்போது முதுகுல தள்ளி விடும், திரும்பி கடலை பாத்து வந்தா மூஞ்சில அடிக்கும், மத்தியானத்துக்கு மேல கடல்காத்தும் சேந்துக்கும். மலை ஏறி எறங்கின காலோட நூறு கிமீக்கு மேல எதிர்க்காத்துல மிதிக்கறது பெரிய கஷ்டம். ஆடி மாசம்னா இது தலைகீழ், மேல்காத்து, போறப்பதான் சிரமம்.

போளூர்ல ஸ்டேஷன் இருக்கு, காட்பாடி-விழுப்புரம் லைன். சைக்கிளை லக்கேஜா புக் பண்ணி பிரேக் வேன்ல (ரயில்ல சாமான் ஏத்தற பெட்டி) ஏத்தணும், உங்க டிக்கெட்டை காட்டினாதான் புக் ஆகும், பெட்டிக்குள்ள தூக்கிட்டு போயிடலாம்னு நெனைக்காதீங்க. போளூர்ல புக் பண்ணலாமா இல்ல திருவண்ணாமலை வரணுமான்னு கெளம்பறதுக்கு முன்னாடியே ஸ்டேஷன்ல கேட்டு வெச்சுக்கங்க, திருவண்ணாமலைன்னா போளூர்லேந்து அதே சித்தூர் ரோடுதான். வண்டி வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போங்க, பெடலையும் பையையும் கழட்டி கைல வெச்சுக்கங்க, பேரும் போற ஊரும் எழுதி ஃப்ரேம்ல கட்டிடுங்க. விழுப்புரத்துல எறங்கி பண்ருட்டி வழியா கடலூர் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் போற வண்டி புடிங்க. அது லேட்டானா விழுப்புரத்துலேந்து வீடு அம்பது கிமீக்குள்ளதான், மறுநாள் காலைல காத்து கெளம்பறதுக்குள்ள மிதிச்சிடலாம்.