ஆமை வாங்கினோம், அப்புறம்தான் தொட்டி தேடினோம்

கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். புதிதாக ஆமை வாங்கினால் வீட்டில் எங்கே வைப்பது என்று கேட்டிருந்தீர்கள். எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

மகள் பிறந்தநாளுக்கு வண்ணமீன் கடையில் சிவப்புக் காது ஆமைக் குஞ்சு ஒன்று வாங்கினோம். உள்ளங்கையில் பாதிகூட இல்லை. "இவ்வளவுதான் சார் வளரும்" என்றார் கடைக்காரர். கூடவே ஒரு பிளாஸ்டிக் டப்பா, நடுவில் பொம்மைத் தென்னைமரம். வாசலிலேயே அம்மா மறித்தாள்: "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு தெரியாதாடா உனக்கு?"

இது அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்து இனம். பெண் ஆமையின் ஓடு 25 செ.மீ.க்கு மேலும் வளரும், 30 வருஷம்கூட உயிரோடு இருக்கும். இதெல்லாம் வாங்கிய பிறகு படித்தது. சரி என்று 2 அடி கண்ணாடித் தொட்டி வாங்கிக் கூடத்து ஜன்னலோரம் வைத்தேன். கண்ணாடி ஜன்னல் வழியாகக் காலை வெயில் நன்றாக விழும். அதுவே போதும் என்று நினைத்தேன்.

மூன்று மாதத்தில் சாப்பாடு குறைந்தது. ஒருநாள் தண்ணீர் மாற்றும்போது ஓட்டின் ஓரத்தைப் பிடித்தேன், ஊறுகாய் டப்பா மூடி மாதிரி வளைந்து கொடுத்தது. ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் முதலில் கேட்டதே "வெயில் படுதா?" என்றுதான். வெயிலில் இருக்கும் புற ஊதா பி கதிர் பட்டால்தான் ஆமை உடம்பில் வைட்டமின் டி உண்டாகும். அது இல்லாமல் சுண்ணாம்புச் சத்து சேராது. ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரை ஏறக்குறைய முழுதாகத் தடுத்துவிடும். என் ஆமைக்கு வெளிச்சம் கிடைத்தது, வெயில் கிடைக்கவில்லை. அதற்கென்று தனி விளக்கு விற்கிறார்கள். ஆனால் அது எரிந்துகொண்டே இருந்தாலும் நாளாக ஆக அந்தக் கதிர் குறைந்துவிடும், அவ்வப்போது மாற்ற வேண்டும். அதோடு கரண்ட் கட் வேறு.

வீட்டு நடுவில் முற்றத்தை வைத்துக்கொண்டு நான் விளக்கு விலை விசாரித்துக்கொண்டிருந்தேன்! மாடுகளை விற்றபிறகு கொல்லையில் சும்மா கிடந்த சிமெண்ட் தொட்டியை நாலு பேர் சேர்ந்து முற்றத்துக்கு நகர்த்தினோம். (புதுத் தொட்டி என்றால் பல நாள் தண்ணீர் நிரப்பிக் கொட்டிக் காரம் போன பிறகே விடுங்கள்.) ஒரு மூலையில் செங்கல் அடுக்கி, மேலே பழைய நாட்டு ஓடு ஒன்றைச் சாய்த்து வைத்தேன், ஏறி உட்கார. பாதித் தொட்டிக்குத் தென்னங்கீற்று நிழல். சித்திரையில் இது இல்லாவிட்டால் தண்ணீர் வெந்நீராகிவிடும். முழுவதற்கும் மேலே கம்பிவலை, காக்கைக்கும் பூனைக்கும் பயந்து.

முதல் நாள் நிழலுக்குள்ளேயே கிடந்தது. மறுநாள் ஒன்பது மணிக்கு ஓட்டின் மேல் ஏறிக் கழுத்தை நீட்டி, பின்னங்கால் இரண்டையும் பின்னால் விரித்து, விரலிடுக்குச் சவ்வுகூட வெயிலில் தெரிய அசையாமல் கிடந்தது. செத்துவிட்டதோ என்று மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். ஆமையின் ஓடு இறுக மாதங்கள் ஆயின.

தீனி: குஞ்சில் புழு, சின்ன மீன், கடையில் விற்கும் குருணைத் தீனி. வளர வளரப் பச்சை கூட்ட வேண்டும். நான் அசோலா என்ற மிதக்கும் நீர்ச்செடியைப் போடுகிறேன். கடிக்க ஒரு கணவாய் ஓடு. காய்ந்த இறால் மட்டும் போட்டு வளர்ப்பது வளர்ப்பே இல்லை. அழுக்குத் தண்ணீர் வாழைக்கு. தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சால்மோனெல்லா கிருமி இருக்கலாம்.

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர்:

முற்றத்தில் வைப்பவர்கள் ஐப்பசி அடைமழையை மறக்காதீர்கள். எங்கள் தொட்டி ஒரே ராத்திரியில் நிரம்பி வழிந்தது, வலையை நான் கட்டாமல் சும்மா மேலே போட்டிருந்தேன். காலையில் ஆமை இல்லை. இரண்டு நாள் கழித்துக் கொல்லைச் சாக்கடையில், தேங்காய் மட்டைக்கு அடியில் கிடைத்தது. இப்போது விளிம்புக்கு நாலு விரல் கீழே துளை போட்டு, துளைக்கும் வலை அடித்திருக்கிறேன்.

திருவாரூரிலிருந்து:

நடவு சமயத்தில் என் அக்கா பையன் வயலில் ஒரு பாலாமையைப் பிடித்து வாளியில் கொண்டுவந்தான். "கடை ஆமைக்குக் காசு, இது சும்மாதானே மாமா" என்றான். பாலாமை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது, வீட்டில் வைத்தால் குற்றம். நட்சத்திர ஆமையையும் அப்படி வைக்கக் கூடாது. சாயந்திரமே பிடித்த இடத்தில் விட்டுவிட்டோம். கும்பகோணத்துக்காரர் ஆமையை என்றாவது குளத்தில் விடும் யோசனை உண்டா?

மறுபடி கும்பகோணம்:

இல்லை. அம்மா மட்டும் "மகாமகக் குளத்துல விட்டுடேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த இனம் குளத்துக்குள் போனால் நம்மூர் ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும், அதனால் முடியாது என்றேன். இப்போது அவளே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். யாராவது கேட்டால், "அது முத்தத்துலதானே இருக்கு, வீட்டுக்குள்ள எங்க புகுந்துது?" என்கிறாள்.