இரண்டு வயதுக் குழந்தையோடு எப்காட் உணவுத் திருவிழா: சரிப்பட்டு வருமா?

சாப்பாட்டுப்பிரியை:

வணக்கம் மக்களே. அக்டோபரில் ஒர்லாண்டோ போகலாம் என்று இருக்கிறோம். டிஸ்னி வேர்ல்ட் என்றாலே எல்லாரும் ரைடு பற்றித்தான் பேசுகிறார்கள், எங்களுக்கு அதில் பெரிய ஆர்வம் கிடையாது. எனக்கும் கணவருக்கும் சாப்பாடுதான் முக்கியம். டிஸ்னி வேர்ல்டில் இருக்கிற பார்க்குகளில் ஒன்றான எப்காட்டில் நடக்கிற ஃபுட் அண்ட் வைன் திருவிழாவைப் பற்றிப் படித்துப் படித்து ஏங்கிக்கொண்டு இருக்கிறேன், இந்த வருடம் விடுவதாக இல்லை.

சிக்கல் என்னவென்றால் கூட வரப்போகிற மூன்றாவது ஆள். மகளுக்கு அப்போது 2 வயது 4 மாதம் ஆகியிருக்கும். மதியம் 1 மணிக்குத் தூங்கியாக வேண்டும், இல்லையென்றால் சாயங்காலம் ஊரைக் கூட்டிவிடுவாள். தயிர்சாதம், வாழைப்பழம், பாஸ்தா, இதைத் தாண்டி எதை நீட்டினாலும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு தலையை மட்டும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டுவாள். ஹை சேரில் உட்கார வைத்தால் முதல் கொஞ்ச நேரம் மகாராணி, அப்புறம் கைதி.

கணவர் சைவம் (முட்டை உண்டு), நான் எல்லாம் சாப்பிடுவேன். திருவிழாக் கடைகளில் நின்றுகொண்டே சாப்பிடுவது நல்லதா, இல்லை மேசை போட்ட உணவகமாகப் பார்த்து முன்பதிவு செய்வதா? குழந்தைக்கு வீட்டுச் சாப்பாடு உள்ளே கொண்டு போக விடுவார்களா? "குழந்தையை வைத்துக்கொண்டு இதெல்லாம் தேவையா" என்று மாமியார் ஏற்கெனவே கேட்டாகிவிட்டது, அதனால் அந்த ஒரு பதில் மட்டும் வேண்டாம்.

ஃப்ளோரிடாக்காரன்:

தாராளமாக வாருங்கள். என்னைக் கேட்டால் சின்னக் குழந்தையோடு சாப்பாட்டுக்காகவே போகிறவர்களுக்குத் திருவிழாக் கடைகள்தான் தோதானவை. காரணம் எளிது: எழுந்து போக யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். உணவகத்தில் ஆர்டர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும்போது குழந்தை அழ ஆரம்பித்தால் மாட்டிக்கொண்டீர்கள். இங்கே ஒரு சின்னத் தட்டு வாங்குகிறீர்கள், நாலு வாய் சாப்பிடுகிறீர்கள், ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறீர்கள்.

இடம் எப்படி என்றால், வேர்ல்ட் ஷோகேஸ் என்கிற பகுதியில் ஓர் ஏரியைச் சுற்றி 11 நாடுகளின் வளாகங்கள் இருக்கின்றன. மெக்ஸிகோவில் தொடங்கி நார்வே, சீனா, ஜெர்மனி என்று போய் ஃபிரான்ஸ், பிரிட்டன், கனடாவில் முடியும். ஒரு சுற்று ஏறத்தாழ 1.2 மைல். கேட்கக் குறைவாகத்தான் இருக்கும், ஆனால் அக்டோபர் வெயிலில், கையில் தட்டு, இடுப்பில் குழந்தை என்றால் அது வேறு கணக்கு. ஒரே நாளில் முழுச் சுற்றையும் முடிக்கப் பார்க்காதீர்கள். ஒரு நாள் மெக்ஸிகோ பக்கம், இன்னொரு நாள் கனடா பக்கம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பகுதி பெரும்பாலும் காலை 11 மணிக்குத்தான் முழுமையாகத் திறக்கும், உங்கள் பெண் தூங்கும் நேரமோ 1 மணி. அதனால் 11 மணிக்கு முந்தைய நேரத்தை அவளுக்குக் கொடுத்துவிடுங்கள். தி லேண்ட் என்ற கட்டடத்தில் லிவிங் வித் த லேண்ட் என்று ஒரு படகுச் சவாரி உண்டு. உயரக் கட்டுப்பாடு இல்லை, ஆட்டம் இல்லை, படகு உண்மையான பசுமைக்குடில்களுக்குள் மெதுவாகப் போகும். மிக்கி முகம் மாதிரி அச்சுக்குள் வளர்த்த பூசணி, கொடியில் தொங்கும் காய்கள், மீன் தொட்டிகள் எல்லாம் பார்க்கலாம். அங்கே விளைவதில் ஒரு பகுதி டிஸ்னி உணவகங்களுக்கே போகிறது. சாப்பாட்டுப் பிரியர்களுக்கு எப்காட்டில் இதைவிடப் பொருத்தமான ரைடு கிடையாது, ஆனால் பாதிப் பேர் ஏசிக்காக மட்டும் ஏறுகிறார்கள், என்ன செய்ய.

அங்கிருந்து 11 மணிக்குக் கடைகளுக்கு வந்தால் கூட்டம் சேர்வதற்குள் நாலைந்து தட்டுகள் முடித்துவிடலாம். 1 மணிக்கு அவள் ஸ்ட்ரோலரில் தூங்குவாள், அப்போது நீங்கள் இரண்டு பேரும் நிம்மதியாக மறுபடி சாப்பிடலாம். உண்மையான விருந்து அந்த நேரம்தான்.

திங்கள் முதல் வியாழன் வரை பாருங்கள். வெள்ளி மாலையும் சனிக்கிழமையும் சுற்றுவட்டார ஆட்கள் எல்லாம் கிளம்பி வந்துவிடுவோம், அதில் நிறையப் பேர் நாட்டுக்கு ஒரு கோப்பை என்று குடித்துக்கொண்டே ஏரியைச் சுற்றுகிறவர்கள். பொழுது சாய்ந்த பிறகு அந்தக் கூட்டத்தில் ஸ்ட்ரோலர் தள்ளுவது பெரும்பாடு.

வாலுப்பையன்_அம்மா:

மேலே சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். தூங்கும் நேரத்தில் சாப்பிடுவது அருமையான யோசனைதான், ஆனால் குழந்தை தூங்க வேண்டுமே! பார்க்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஸ்ட்ரோலர் கெட்டி பிளாஸ்டிக், சாய்க்க முடியாது. முழுக்கச் சாய்கிற ஸ்ட்ரோலரை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். 31 அங்குல அகலம், 52 அங்குல நீளத்துக்குள் இருந்தால் விடுவார்கள். வேகன் மாதிரி இழுக்கிற வண்டிகளுக்கு அனுமதி இல்லை. வெயில் மறைக்க மெல்லிய துணியும், கிளிப்பில் மாட்டுகிற சின்ன மின்விசிறியும் அவசியம். துணியைச் சுற்றிலும் இறுக்கிப் போர்த்திவிடாதீர்கள், உள்ளே வெப்பம் ஏறிவிடும்.

அடுத்து, நாள் முழுக்க நின்றுகொண்டே சாப்பிட்டால் இரண்டாம் நாளே கால் போய்விடும். தினம் ஒரு வேளையாவது உட்கார்ந்து சாப்பிடுங்கள். அதிலும் உங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. 3 வயது ஆகாத குழந்தைக்குப் பார்க் டிக்கெட்டும் கிடையாது, பஃபே மாதிரி தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிற இடங்களில் சாப்பாட்டுக் கட்டணமும் கிடையாது. 3 முடிந்த அன்றிலிருந்து இரண்டுக்கும் பணம். "இன்னும் கொஞ்சம் வளரட்டும், அப்புறம் போகலாம்" என்று சொல்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு புரிவதில்லை.

எப்காட்டில் உட்கார்ந்து சாப்பிட கார்டன் கிரில். அந்த உணவகமே மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும், மேலே சொன்ன படகுச் சவாரியின் ஒரு பகுதி கீழே தெரியும். மிக்கி, புளூட்டோ, சிப், டேல் என்று கார்ட்டூன் வேடம் போட்டவர்கள் எல்லாம் மேசைக்கே வருவார்கள், வரிசையில் நிற்க வேண்டாம். ஹை சேரில் இருப்புக் கொள்ளாத குழந்தைக்கு ஜன்னலில் காட்சி மாறிக்கொண்டே இருப்பது பெரிய உதவி. சைவம் என்று முதலிலேயே சொன்னால் தனியாகக் கொண்டுவந்து தருவார்கள்.

ஆனால் ஒரே ஒரு இடம்தான் முன்பதிவு செய்ய முடியும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சனா. இது பார்க்குக்குள் இல்லை, அனிமல் கிங்டம் லாட்ஜ் என்கிற டிஸ்னி ஹோட்டலின் கிடானி வில்லேஜ் பகுதியில் இருக்கிறது, அதனால் டிக்கெட்டே வேண்டாம். இந்திய, ஆப்பிரிக்கச் சமையல் இரண்டும் கலந்த இடம். அவர்களுடைய பிரெட் சர்வீஸில் நான், குல்ச்சா, பராத்தா என்று 5 வகை ரொட்டியும் தொட்டுக்கொள்ள 9 வகையும் வரும். கொத்தமல்லிச் சட்னி, புளிச் சட்னி, தக்காளி பேரீச்சை ஜாம், அப்புறம் முக்கியமாக வெள்ளரிக்காய் ரைத்தா. உங்கள் பெண் தயிர்க்கட்சி என்றால் ரொட்டியைக் கிழித்து அதில் தோய்த்துக் கொடுங்கள், வாயைத் திறக்கிறாளா இல்லையா பாருங்கள். வெளியே புல்வெளியில் ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை மேயும். அதனால் பகல் வெளிச்சத்தில் போக வேண்டும், இருட்டிய பிறகு போனால் ஜன்னலில் உங்கள் முகம்தான் தெரியும்.

முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும். டிஸ்னி ஹோட்டலில் தங்கினால் அன்றைக்கே தங்கும் மொத்த நாட்களுக்கும் (10 நாள் வரை) சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம். சொல்லாமல் கொள்ளாமல் போகாமல் விட்டால் தலைக்கு இவ்வளவு என்று அபராதம் பிடிப்பார்கள், குழந்தை முரண்டு பிடிக்கிற நாளில் நேரத்தோடு ரத்து செய்துவிடுங்கள்.

நிஜம்_பேசுவேன்:

பேசாமல் குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு இரண்டு பேர் மட்டும் போங்களேன். அவளுக்கு இந்தப் பயணம் ஞாபகம்கூட இருக்காது.

சாப்பாட்டுப்பிரியை:

@நிஜம்_பேசுவேன் மாமியார்தானே இது? 😄 உண்மையைச் சொல்லுங்கள் அத்தை.

மிளகுரசம்:

எல்லாரும் உங்கள் சாப்பாட்டைப் பற்றியே சொல்லிவிட்டார்கள், குழந்தை கைக்கு எது எட்டும் என்பதையும் பார்க்க வேண்டும். ஜெர்மனி வளாகத்தில் கேரமல் கடை ஒன்று இருக்கிறது, தெருவரைக்கும் மணக்கும், கேரமல் பாப்கார்ன் அங்கே பிரபலம். பாப்கார்ன் 4 வயதுக்குள் வேண்டவே வேண்டாம், தொண்டையில் அடைக்கும். முழு முந்திரி, பாதாம், கெட்டி மிட்டாயும் அப்படியே. திராட்சையையும் ஹாட் டாக்கையும் வட்டமாக வெட்டாமல் நீளவாக்கில் நாலாகக் கீறிக் கொடுங்கள். நடக்கும்போதும் ஸ்ட்ரோலர் ஓடும்போதும் ஊட்டாதீர்கள், ஓர் ஓரமாக நிறுத்தி, அவள் நிமிர்ந்து உட்கார்ந்த பிறகு கொடுங்கள்.

இனிப்புதான் வேண்டும் என்றால் நார்வே பேக்கரியில் ஸ்கூல் பிரெட். ஏலக்காய் மணக்கும் பன், நடுவில் கஸ்டர்ட், மேலே வறுத்த தேங்காய்த் துருவல். பன்னைக் கிள்ளிக் கஸ்டர்டில் தொட்டுக் கொடுத்தால் வாயை மூடிக்கொள்கிற குழந்தையும் யோசிக்கும். நம்மூர் நாக்குக்கு அந்த ஏலக்காய் போதும்.

உங்கள் கணவருக்கு ஒன்று. கனடா கடையின் செடார் சீஸ் சூப் திருவிழாவில் பெயர் போனது, ஆனால் அதில் பேக்கன் (பன்றி இறைச்சி) சேர்க்கிறார்கள். பெயரை மட்டும் பார்த்து வாங்கிவிடக் கூடாது. டிஸ்னி மெனுக்களில் தாவர உணவுக்குப் பச்சை இலைக் குறி போட்டிருப்பார்கள், அதைத் தேடுங்கள். முட்டை, பால் சேர்ந்த சைவத்துக்கு அந்தக் குறி இருக்காது என்பதால் மீதியைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கடைகளும் மெனுவும் வருடா வருடம் மாறும். சில வருடங்களில் இந்தியாவுக்கே தனிக் கடை இருந்திருக்கிறது. கிளம்புகிற வாரம் ஆப்பில் மெனுவைப் பார்த்து ஏழெட்டுத் தட்டுகளைக் குறித்து வைத்துக்கொண்டால் போதும், ஒவ்வொரு கடை முன்னாலும் நின்று யோசித்தால் அதற்குள் குழந்தையின் பொறுமை தீர்ந்துவிடும்.

அலர்ஜி ஏதாவது இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், அந்த விஷயத்தில் அவர்கள் கவனமானவர்கள்.

சாப்பாட்டுப்பிரியை:

எல்லாருக்கும் நன்றி, சனாவை இப்போதே குறித்துக்கொண்டேன். 9 வகைத் தொடுகறி என்றதும் கணவர் ஃபோனைப் பிடுங்கிப் படித்தார். இன்னும் இரண்டு கேள்வி. தயிர்சாதத்தை டப்பாவில் கொண்டு போனால் வாசலில் தடுப்பார்களா? ராத்திரி வாணவேடிக்கைக்கு இருக்கலாமா, கிளம்பிவிடலாமா?

வாலுப்பையன்_அம்மா:

தடுக்க மாட்டார்கள். சாப்பாடு கொண்டு போகலாம், கண்ணாடிப் பாத்திரம்தான் கூடாது (குழந்தை உணவுச் சீசா மட்டும் விதிவிலக்கு). குளிர்ப்பெட்டியில் உதிரி ஐஸ் போடாமல் ஐஸ் பேக் வையுங்கள். அந்த வெயிலில் தயிர்சாதத்தைப் பையில் சும்மா வைத்தால் மதியத்துக்குள் புளித்துப் போகும், ஐஸ் பேக் பக்கத்திலேயே இருக்கட்டும். இன்னொரு வழி, சாதத்தை மட்டும் தனியாகக் கொண்டு போய், ஒடிஸி கட்டடத்தில் இருக்கிற பேபி கேர் சென்டரில் சூடு பண்ணிக்கொண்டு, வேண்டும்போது தயிர் கலப்பது. அங்கே மைக்ரோவேவ், ஹை சேர், டயபர் மாற்றும் மேசை, பால் கொடுக்கத் தனி அறை எல்லாம் உண்டு, ஏசியும் அமைதியும் இலவசம். மெக்ஸிகோ வளாகத்துக்குப் போகும் வழியிலேயே இருப்பதால் கடைகளுக்குக் கிளம்பும் முன் அவளுக்கு வயிறு நிறைய ஊட்டிவிடுங்கள். அப்புறம் அவள் எதைச் சாப்பிட்டாலும் லாபம், சாப்பிடாவிட்டாலும் கவலை இல்லை.

ஃப்ளோரிடாக்காரன்:

வாணவேடிக்கைச் சத்தம் ஏரியோரத்தில் பலமாக இருக்கும். சத்தத்துக்கு மிரளுகிற குழந்தை என்றால் காதுக்குக் கவசம் வேண்டும், இல்லையென்றால் 7 மணிக்கே கிளம்புங்கள். தங்குமிடம் இன்னும் முடிவாகவில்லை என்றால் இதையும் கவனத்தில் வையுங்கள்: ஃபிரான்ஸுக்கும் பிரிட்டனுக்கும் நடுவே இன்டர்நேஷனல் கேட்வே என்று இன்னொரு வாசல் இருக்கிறது. பீச் கிளப், யாட் கிளப், போர்டுவாக் ஹோட்டல்களில் இருந்து அதற்கு நடந்தே வரலாம், மதியம் அறைக்குப் போய்த் தூங்க வைத்துவிட்டுத் திரும்புவது சுலபம். வாடகை மட்டும் கையைக் கடிக்கும். கொஞ்சம் குறைவாகப் பார்த்தால் பாப் செஞ்சுரி அல்லது ஆர்ட் ஆஃப் அனிமேஷன், அங்கிருந்து ஸ்கைலைனர் கேபிள் பெட்டியில் ஏறி, நடுவே ஒரு முறை மாறி, அதே வாசலுக்கு வரலாம், ஸ்ட்ரோலரை மடக்காமலே பெரும்பாலும் ஏற்றிவிடலாம். இடி மின்னல் என்றால் அதை நிறுத்திவிடுவார்கள், அன்றைக்குப் பேருந்துதான். அக்டோபர் இன்னும் புயல் பருவம், நவம்பர் 30 வரை. அதனால் திருப்பித் தரக்கூடிய கட்டணத்தில் பதிவு செய்யுங்கள்.

சாப்பாட்டுப்பிரியை:

பாப் செஞ்சுரி, செவ்வாய் முதல் வியாழன் வரை என்று முடிவாகிவிட்டது. முன்பதிவு திறக்கிற அன்றைக்கு அதிகாலையில் அலாரம் வைத்திருக்கிறேன். திருவிழா மெனு வந்ததும் இங்கேயே போடுகிறேன், எந்தத் தட்டை விடலாம் என்று மிளகுரசம்தான் சொல்ல வேண்டும்.