சிறுபோகக் கூட்டத்தில் குடிநீர்க் கதை எடுக்கலாமா?

கண்டாவளையான்:
எங்கள் சிறுபோகப் (கோடை நெல்) பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் ஒரு பெரியவர் எழும்பி, கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் பழைய திட்டம் திரும்ப வருமோ என்று கேட்டார். கேள்வி முடிய முதலே மேடையிலிருந்து, "அது இங்கே பேசுகிற விடயமில்லை, இருங்கோ" என்று பதில். குளத்துத் தண்ணீரைப் பங்கிடக் கூடிய இடத்தில் குளத்துத் தண்ணீரைப் பற்றிக் கேட்கக்கூடாதா?

கடைவாய்க்கால்:
நிறுத்தியது சரி. எத்தனை ஏக்கர், விதைப்பு எப்போது, தண்ணீர் எந்தத் திகதியில் திறப்பது, எப்போது பூட்டுவது: கூட்டம் இதற்குத்தான். என் வயல் வாய்க்காலின் கடைசியில். விதைப்பு இழுபட்டால் மேல்வயல்காரர் தப்பிவிடுவார், எனக்குக் கதிர் வெளிவர முந்திய குடலைப் பருவத்தில் தண்ணீர் வராது. யாழ்ப்பாணக் கதை தொடங்கினால் ஆளாளுக்கு மைக் பிடிப்பார்கள், பிறகு தேத்தண்ணி வரும், கூட்டம் அவ்வளவுதான்.

ஒட்டுசுட்டான் கமக்காரன்:
வேலி அடைப்பதும் மாடுகளை வயல்வெளியை விட்டு அகற்றும் திகதியும் அந்தக் கூட்டத்தில்தானே முடிவாகிறது? அப்போ மாடு கூட்டத்தில் பேசும் விடயம், வயலை மிதிக்கும் யானை மட்டும் வெளியே! ஒரு இரவில் யானை மிதிப்பதை மாடு ஒரு போகம் முழுக்க மேயாது.

கடைவாய்க்கால்:
யானைக்கு வனஜீவராசிகள் திணைக்களம் இருக்கிறது. பாருங்கள், குடிநீரில் தொடங்கி யானையில் வந்து நிற்கிறோம். இதைத்தான் சொன்னேன்.

பரந்தன் டீச்சர்:
கேள்விக்கு வரும் விடை இன்றைய ஏக்கர் கணக்கை மாற்றுமா என்று பாருங்கள். மாற்றினால் பேசலாம். 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனோடு வந்த திட்டம் இரணைமடு நீரை நம்பித்தான் இருந்தது. அப்போது கேட்டிருந்தால் நியாயம். விவசாயிகள் எதிர்த்தபின் கடல்நீரைச் சுத்திகரிப்பதாக மாற்றினார்கள். தாளையடி நிலையம் 2024 ஆகஸ்டில் திறந்தாயிற்று, கொள்ளளவு நாளுக்கு 24,000 கன மீற்றர். இந்தச் சிறுபோகக் கணக்கில் குடிநீர் எங்கே வருகிறது?

கண்டாவளையான்:
டீச்சர், அந்தத் திட்டம் மாறியதே இப்படி எழும்பிக் கேட்ட ஆட்களால்தான். 2018 டிசம்பரில் கண்டாவளைப் பக்கம் வெள்ளம் வீட்டுக்குள் வந்தது. குளத்தின் மிகை நீரை வெளியேற்றும் வான்கதவை எப்போது திறப்பது என்று எந்தக் கூட்டத்தில் கேட்பது? சிறுபோகக் கூட்டத்தில் கேட்டால் "அது மாரிக் கதை" என்பார்கள். மாரி நெல்லுக்கான காலபோகக் கூட்டத்தில் "அது அனர்த்த முகாமைத்துவம்" என்பார்கள். ஒவ்வொரு வாசலிலும் அடுத்த வாசலைக் காட்டினால் சனம் எங்கே போவது?

கடைவாய்க்கால்:
வான்கதவு விடயத்தில் உங்களோடு நிற்கிறேன், அது குளத்தை நடத்துகிற வேலை. கேள்வியைக் கூட்டறிக்கையில் எழுதி, எந்தத் திணைக்களம் பதில் தரும் என்றும் குறிக்கட்டும். ஆனால் ஏக்கர் முடிந்த பிறகு.

ஒட்டுசுட்டான் கமக்காரன்:
ஏக்கர் முடிந்ததும் அதிகாரிகளின் வாகனம் ஸ்டார்ட் ஆகிவிடும், அண்ணை. பிறகு கேள்வியைக் கதிரைகளிடம்தான் கேட்க வேண்டும்.

கடைவாய்க்கால்:
அப்போ ஏக்கர் தீர்மானத்துக்குக் கையெழுத்து வைக்க முதல் கேளுங்கள். கையெழுத்து விழாமல் அவர்கள் எழும்ப மாட்டார்கள்.

கண்டாவளையான்:
சரி, அடுத்த கூட்டத்தில் பெரியவரை முன்வரிசையில் இருத்துகிறோம். மைக்கை அவரிடமிருந்து பறிக்காமல் பார்ப்பது உங்கள் பொறுப்பு.