கணக்குப்பிள்ளையின் ஃபோனில் மட்டும் மாங்காய் விலை கலைந்து தெரிகிறது: புதிய சிஎஸ்எஸ் வசதிகளில் எதை நம்புவது?

மண்டிமருமகள் (கிருஷ்ணகிரி):

என் தாய்மாமாவுக்கு இங்கே மாங்காய் மண்டி. மே பிறந்துவிட்டால், "பெங்களூரா இன்று என்ன விலை?" என்று பர்கூர், வேப்பனப்பள்ளிப் பக்கத்திலிருந்து காலையிலேயே ஃபோன் மேல் ஃபோன். பதில் சொல்லித் தொண்டை கட்டிப்போன மாமா, "நீதான் கம்ப்யூட்டர் படித்தாயே, இதற்கொரு வழி செய்" என்றார். விலைப்பக்கம் ஒன்று செய்துகொடுத்தேன். செந்தூரா, பங்கனப்பள்ளி, பெங்களூரா, மல்கோவா, நீலம் என ரகத்துக்கு ஓர் அட்டை.

வேலை பார்க்கும் இடத்தில் புதியது எதையும் தொட விடமாட்டார்கள். அந்தக் குறை தீர இங்கே எல்லாவற்றையும் போட்டேன். திரையின் அகலத்தைப் பார்க்காமல், தான் உட்கார்ந்திருக்கும் இடத்தின் அகலத்தைப் பார்த்து அட்டை மாறிக்கொள்ளக் கண்டெய்னர் குவெரி. விலை ஏறிய ரகத்துக்கு மட்டும் பச்சை ஓரம் வர, உள்ளே இருப்பதைப் பார்த்து அட்டையைத் தேர்ந்தெடுக்கும் 'ஹேஸ்' செலக்டர். ஒரு வரி ஜாவாஸ்கிரிப்ட் கிடையாது. தொட்டால் நேற்றைய விலை திறக்கப் பாப்ஓவர். பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் முழுவதும் நெஸ்டிங், அதாவது ஒரு விதிக்குள்ளேயே இன்னொரு விதி.

என் ஃபோனிலும் மாமாவின் ஃபோனிலும் அழகாகத் தெரிகிறது. கணக்குப்பிள்ளையின் ஃபோனில்தான் வம்பு. ஆண்ட்ராய்டு 7, பின்மூடி கழன்றுவிடாமல் ஒரு ரப்பர் பேண்டு. அதில் பச்சை ஓரம் வருகிறது, நேற்றைய விலையும் திறக்கிறது. ஆனால் ரகத்தின் பெயர் பூசணிக்காய் அளவுக்கு நிற்கிறது; அதற்குக் கீழே உள்ள விலையும் தேதியும் எந்த அலங்காரமும் இல்லாமல் கிடக்கின்றன. குரோம் 119 என்று காட்டுகிறது, அதற்கு மேல் ஏற மறுக்கிறது. ஹேஸ்தான் குற்றவாளி என்று அதை எடுத்துப் பார்த்தேன். பச்சை ஓரம் போனதுதான் மிச்சம். எதை விலக்கவேண்டும்?

அரைப்புள்ளி (ஓசூர்):

ஹேஸைத் திரும்ப வையுங்கள், பாவம். அதுவும் கண்டெய்னர் குவெரியும் 2022 ஆகஸ்டிலேயே குரோம் 105இல் வந்துவிட்டன. பாப்ஓவர் 114இல் வந்தது. 119க்கு இவை மூன்றும் தெரியும். என் சந்தேகம் நெஸ்டிங் மேல். அட்டைக்குள் தலைப்பை எப்படி எழுதியிருக்கிறீர்கள்? தலைப்பைக் குறிக்கும் ஹெச்3க்கு முன்னால் & குறி இருக்கிறதா?

மண்டிமருமகள்:

இல்லை, வெறும் ஹெச்3தான். சாஸ் (சிஎஸ்எஸ்ஸாக மாற்றித் தரும் மொழி) எழுதிப் பழகிய கை, அதில் அந்தக் குறி தேவையில்லை. பச்சை ஓரத்துக்கான வரி அதற்கு மேலே இருக்கிறது, அதில் & உண்டு. விலைக்கும் தேதிக்கும் உரியவை ஹெச்3க்குக் கீழே.

அரைப்புள்ளி:

அகப்பட்டது. குரோமில் நெஸ்டிங் வந்தது 2023இல், பதிப்பு 112இல். ஆனால் அப்போது ஒரு கட்டுப்பாடு இருந்தது: உள்ளே எழுதும் செலக்டர் (எதற்கு அலங்காரம் என்று சொல்லும் பகுதி) ஏதாவதொரு குறியில் தொடங்கவேண்டும். புள்ளி, &, அடைப்பு எதுவானாலும் சரி, எழுத்தில் மட்டும் தொடங்கக்கூடாது. ஏனென்றால் 'ஏ:ஹோவர்' என்ற செலக்டரும் 'கலர்:ரெட்' என்ற பண்பும் படிக்கும் பிரவுசருக்கு முதல் பார்வையில் ஒரே உருவம். எழுத்தில் தொடங்கினால் ஏதோ பண்பின் பெயர் என்று எடுத்துக்கொண்டு, அடுத்த அரைப்புள்ளி வரும்வரை எல்லாவற்றையும் தூக்கி எறியும். ஹெச்3 தொகுதிக்குள் இருக்கும் அரைப்புள்ளிகள் கணக்கில் வராது. ஆகையால் அதற்குக் கீழே இருந்த விலையும் தேதியும் கூடவே போய்விட்டன. மேலே இருந்த பச்சை ஓரம் தப்பித்தது.

இந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது குரோம் 120இல். ஆண்ட்ராய்டு 7க்குக் கிடைத்த கடைசிக் குரோம் 119. ஒரே ஓர் எண்ணில் உங்கள் கணக்குப்பிள்ளை பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறார்! ஹெச்3க்கு முன்னால் & போட்டு ஓர் இடைவெளி விடுங்கள், போதும்.

தக்காளிக்கூடை (பாலக்கோடு):

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். ஐந்து ரகம், ஐந்து விலை. இதற்கு ஒரு சாதாரண ஹெச்டிஎம்எல் அட்டவணை போதாதா? எங்கள் பக்கம் தக்காளி விலை வாட்ஸ்அப்பில் ஒரு வரியில் வருகிறது. எந்த ஃபோனிலும் கலைவதில்லை. வேலையிடத்தில் தீராத ஆசையை மண்டியில் தீர்த்துக்கொள்கிறீர்கள்.

மண்டிமருமகள்:

பாதி உண்மை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாட்ஸ்அப்பில் நேற்றைய வரி இன்றும் சுற்றிக்கொண்டிருக்கும். போன வருடம் அப்படி ஒரு பழைய விலையை நம்பி ஒருவர் வண்டி நிறையப் பெங்களூரா ஏற்றி வந்து, மாமாவோடு அரைநாள் சண்டை. பக்கத்தில் தேதியோடு இன்றைய விலை மட்டும் இருக்கும்.

செங்கல்சூளை (தருமபுரி):

தங்கையே, & போட்டதோடு நிறுத்திவிடாதீர்கள். ஐஃபோன் 7 வைத்திருப்பவர் யாராவது மண்டிக்கு வருவார்களா? அது ஐஓஎஸ் 15ஓடு நின்றுவிட்ட ஃபோன். அதில் குரோம் போட்டாலும் உள்ளே ஓடுவது சஃபாரியின் இயந்திரமான வெப்கிட்தான். ஹேஸ் அங்கே 15.4இலேயே வந்தது, குரோமுக்கும் முந்தி. ஆனால் கண்டெய்னர் குவெரிக்கு 16 வேண்டும், நெஸ்டிங்குக்கு 16.5, பாப்ஓவருக்கு 17. நெஸ்டிங்கே புரியாத இடத்தில் & என்ன செய்யும்? லைட்னிங் சிஎஸ்எஸ் போன்ற கருவியில் கொடுத்தால் நெஸ்டிங்கை விரித்துப் பழைய முறையில் எழுதித் தந்துவிடும். கண்டெய்னர் குவெரி இல்லாவிட்டாலும் பக்கம் படிக்கும்படி, சிறிய திரைக்கான வடிவத்தை முதலில் அந்தக் குவெரிக்கு வெளியே எழுதிவிடுங்கள். பாப்ஓவர் தெரியாத ஃபோனில் நேற்றைய விலை மூடாமல் விரிந்தே கிடக்கும், அவ்வளவுதான். ஆனால் நேற்று, இன்று என்று பெரிதாக எழுதிவையுங்கள். இல்லையென்றால் மறுபடியும் அரைநாள் சண்டை.

பேஸ்லைன் என்றொரு கணக்கு உண்டு. முக்கியப் பிரவுசர்கள் எல்லாவற்றிலும் வந்து 30 மாதம் கழிந்தால் அந்த வசதிக்குப் 'பரவலாகக் கிடைப்பது' என்று முத்திரை. நல்ல கணக்குதான், ஆனால் 119இல் நின்ற ஃபோனுக்கு எத்தனை மாதம் கழிந்தாலும் அது 119தான். ஆண்ட்ராய்டு 8, 9 ஃபோன்கள் 138இல் நின்றுவிட்டன. ஆகவே நான் 119, 138 இரண்டையும் எழுதி ஒட்டிவைத்துக்கொண்டு, ஒரு வசதி எந்தப் பதிப்பில் வந்தது என்பதை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

மண்டிமருமகள்:

ஒன்பது இடத்தில் & போட்டேன். லைட்னிங் சிஎஸ்எஸையும் சேர்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மண்டிக்கே போய், கணக்குப்பிள்ளையின் ஃபோனில் திறந்து காட்டினேன். எல்லாம் வரிசையாக, என் ஃபோனில் இருப்பதுபோலவே. மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, முன்பு ரகம் பெயர் நல்ல பெரிதாக இருந்ததே, அதை ஏன் எடுத்துவிட்டாய்?" என்று கேட்கிறார்.

ஹெச்3இன் அளவைக் கூட்டிவிட்டேன்.