ஊரடங்குக் காலத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு நொண்டியடிக்க வராதது ஏன்?

கேள்வி

வணக்கம். சென்னைக்குத் தெற்கே, மறுகுடியமர்த்தப்பட்ட குடும்பங்கள் வாழும் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் முன்பருவக் கல்வி ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். 2022இல் வகுப்புகள் மீண்டும் தொடங்கியபோது எங்களிடம் வந்த நான்கு வயதுப் பிள்ளைகளில் பலருக்கு ஒற்றைக் காலில் நிற்கவோ நொண்டியடிக்கவோ வரவில்லை. படி இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் ஊன்றி நின்ற பிறகே அடுத்த படிக்குச் சென்றார்கள். பந்தைப் போட்டால் கை நீட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். முன்பெல்லாம் ஓரிரு பிள்ளைகளிடம் மட்டுமே இதைக் கண்டிருக்கிறேன். இதற்குக் காரணம் ஊரடங்கா, ஊட்டச்சத்துக் குறைவா? ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளை இது கூடுதலாகப் பாதித்ததா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1 (குழந்தைகளுக்கான இயன்முறை மருத்துவர்)

நீங்கள் விவரித்ததைப் போன்ற பிள்ளைகளை அந்த ஆண்டில் நானும் பார்த்தேன். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடங்கள் உடலை அசைத்து இயங்க வேண்டும். அதில் 60 நிமிடங்களாவது மூச்சு வாங்கும் அளவுக்கு ஓடியாட வேண்டும். திரையின் முன் அமரும் நேரம் ஒரு மணியைத் தாண்டக் கூடாது. இந்த வயதில் யாரும் பெரியவர்களைப் போல ஒரே மூச்சில் உடற்பயிற்சி செய்வதில்லை. சில நொடிகள் ஓடுவது, நிற்பது, குந்துவது, இன்னொரு குழந்தை ஓடுவதைப் பார்த்து மறுபடியும் ஓடுவது என்று நாள் முழுவதும் சிறுகச் சிறுகச் சேர்வதுதான் அந்த 180 நிமிடம். இடமும் கூட்டாளியும் இல்லாத ஒற்றை அறையில் அது சேர்வதற்கு வழியே இல்லை.

14 நாடுகளில் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளின் நிலையைப் பெருந்தொற்றுக்கு முன்பும் பெருந்தொற்றின்போதும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2021இல் வெளிவந்தது. உடலியக்கம் குறைந்ததையும் திரைநேரம் கூடியதையும் அது காட்டியது. பெற்றோர் கூறியவற்றை நம்பிச் செய்யப்பட்ட கணக்கு என்ற குறை அதற்கு உண்டு. ஆயினும் வீட்டைவிட்டு வெளியே சென்றுவர முடிந்த குழந்தைகளே பரிந்துரைக்கப்பட்ட அளவை எட்டும் வாய்ப்பு அதிகம் என்ற அதன் முடிவை நான் முக்கியமாகக் கருதுகிறேன். நொண்டி, தாவல், பந்து பிடித்தல் ஆகியவை வயது ஏறினால் தாமாக வந்துவிடும் என்று பெற்றோர் பலர் எண்ணுகிறார்கள். அவை செய்து செய்து பழகினால்தான் வரும். ஊட்டச்சத்தையும் ஒதுக்கிவிடாதீர்கள். இரத்தசோகை உள்ள குழந்தை விரைவில் களைத்து உட்கார்ந்துவிடும். ஆகையால் எடை, உயரம், ஹீமோகுளோபின் ஆகியவற்றை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

மறுமொழி 2 (அங்கன்வாடிப் பணியாளர், தருமபுரி மாவட்டம்)

மருத்துவர் கூறியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். எங்கள் ஊரிலும் கூலி வேலைக்குச் செல்லும் குடும்பங்களே மிகுதி. ஆனால், முதல் சில வாரங்களுக்குப் பிறகு பிள்ளைகள் தெருவிலும் களத்திலும்தான் இருந்தார்கள். பள்ளி இல்லாத அண்ணன்களும் அக்காள்களும் போகுமிடமெல்லாம் சிறியவர்களையும் இழுத்துச் சென்றதால், பால்வாடி திறந்தபோது எங்கள் பிள்ளைகளின் கால்களில் குறை எதுவும் தெரியவில்லை. வட்டமாக நின்று சேர்ந்து ஆடவும், தன் முறை வரும்வரை காத்திருக்கவும்தான் தெரியாமல் இருந்தார்கள். ஆகவே, வறுமை என்று பொதுவாகச் சொல்வதைவிட, வாசலுக்கு வெளியே என்ன இருந்தது என்று பார்ப்பதே சரியாக இருக்கும் என்பது என் கருத்து. மையம் மூடியிருந்த நாட்களில் அரிசி, பருப்பு, முட்டை, சத்துமாவு ஆகியவற்றை வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். விளையாட்டுக்கு அப்படி எந்த ஏற்பாடும் இருக்கவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தமே.

மறுமொழி 3 (ஒரு தாய்)

நான் வீட்டு வேலைக்குச் செல்பவள். எங்கள் வீடு ஐந்தாவது மாடியில் உள்ளது. 2020 மார்ச்சில் என் மகனுக்கு இரண்டரை வயது. ஊரடங்கு நாட்களில் அவனைக் கீழே விட அஞ்சினோம். மேலே ஓடினால் கீழ்வீட்டில் நோயுற்றிருந்த பெரியவருக்குத் தொல்லை என்று கைபேசியைக் கொடுத்து உட்கார வைத்தேன். ஊரடங்கைத் தளர்த்திய பிறகுதான் நிலைமை இன்னும் கடினமாயிற்று. எனக்கு வேலை திரும்பக் கிடைத்தது, ஆனால் பால்வாடி திறக்கவில்லை. ஒன்பது வயது மகளிடம் அவனை ஒப்படைத்து, நான் வரும்வரை கதவைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் தினமும் சென்றேன். ஊருக்கு ஊரடங்கு முடிந்தும் என் மகனுக்கு அது ஓராண்டுக்கும் மேல் நீடித்தது.

கேள்வி கேட்டவரின் பதில்

அனைவருக்கும் நன்றி. அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்த பிறகே என் கேள்வியில் இருந்த குறை எனக்குப் புரிந்தது. நான் ஊரடங்கு நாட்களை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தேன். அங்கன்வாடிகள் சமைத்த உணவு வழங்குவதற்காக 2021 செப்டம்பரில்தான் திறக்கப்பட்டன. மழலையர் பள்ளிகளுக்கு 2022 பிப்ரவரி 16 முதலே அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் பிள்ளையை யார் பார்த்துக்கொண்டார்கள், வெளியே விட முடிந்ததா என்று ஒவ்வொரு பெற்றோரிடமும் கேட்டுக் குறித்துக்கொள்ளப் போகிறேன். எடையும் உயரமும் பார்க்கும் அதே நாளில், தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு நொண்டி, தாவல், பந்து பிடித்தல் ஆகிய மூன்றையும் செய்யச் சொல்லிப் பார்ப்பேன். மருத்துவர் ஐயா, நான்கு வயதில் ஒற்றைக் காலில் எத்தனை நொடிகள் நின்றால் போதுமானது என்று கொள்ளலாம் என்பதை மட்டும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (மீண்டும்)

நான்கு வயது நிறைந்த குழந்தை சில நொடிகள் தடுமாறாமல் நின்றாலே போதும். ஒரே நாளில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தினமும் அரை மணி நேரம் வெளியே ஆடவிட்டு, இரண்டு மாதங்கள் கழித்து மறுபடியும் பாருங்கள். பழக்கமின்மையால் வந்த குறை என்றால் அதற்குள் பெரும்பாலும் முன்னேற்றம் தெரியும். தெரியாத பிள்ளைகளை மட்டும் மருத்துவரிடம் அனுப்புங்கள்.