சரிவில் உள்ள பழைய வீட்டுடன் ஓர் அறை சேர்க்கும் முன் மண்ணில் எதைப் பார்க்க வேண்டும்?

தேயிலைமேடு (கேள்வி):
வணக்கம். கோத்தகிரி அருகே 1980களில் கட்டிய எங்கள் ஓட்டு வீட்டின் சரிவுப் பக்கத்தில், குளியலறையுடன் 12 அடி அகலத்தில் ஓர் அறை சேர்க்க விரும்புகிறோம். பின்சுவரிலிருந்து 18 அடிக்குச் சமதளமான முற்றம் உள்ளது. அதன் விளிம்பில் சாந்து வைக்காமல் அடுக்கிய கல் தடுப்புச் சுவர் 8 அடி உயரத்துக்கு நிற்கிறது. அதற்குக் கீழே தேயிலைத் தோட்டம் இறங்குகிறது. டியூப் மட்டம் பிடித்து அளந்ததில், தோட்டத்தில் 12 அடிக் கிடைத்தூரத்துக்கு 5 அடி இறக்கம் வருகிறது. முற்றத்து மண் பல ஆண்டுகளாக இறுகியது என்பதால் பழைய கடைக்காலைப் போலவே 3 அடி தோண்டினால் போதும் என்கிறார் மேஸ்திரி. மண்ணை ஆய்வகத்தில் கொடுத்துத் தாங்குதிறன் எவ்வளவு என்று வாங்கிவிட்டால் போதுமா?

கடைக்கால்:
போதாது. மண் எவ்வளவு சுமை தாங்கும் என்பது ஒரு கேள்வி. அந்த மண் நிற்கும் சரிவு அப்படியே நிற்குமா என்பது வேறு கேள்வி. ஆய்வக அறிக்கை பெரும்பாலும் முதல் கேள்விக்கு மட்டுமே விடை தரும்.

உங்கள் அளவின்படி தோட்டச் சரிவு ஏறத்தாழ 23 டிகிரி. அதுவே பெரிய அச்சம் தருவதில்லை. என் ஐயமெல்லாம் அந்தச் சமதள முற்றத்தின் மீதுதான். மலையில் 18 அடி முற்றம் தானாக அமையாது. மேல்பக்கம் வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டி, சுவர் கட்டி நிரவியிருப்பார்கள். அப்படியானால் வீட்டை ஒட்டிய பகுதி இயற்கை மண்ணாகவும், விளிம்பை நெருங்க நெருங்க ஆழமான நிரப்பு மண்ணாகவும் இருக்கும். ஒரே அறை இரண்டின் மேலும் உட்கார்ந்தால், நிரப்பின் மேலுள்ள பாதி மட்டும் இறங்கிச் சுவர் குறுக்காக வெடிக்கும்.

ஆகவே முதலில், புதிய அறையின் வெளிச்சுவர் வரும் இடத்தில் ஆள் இறங்கும் அளவுக்கு ஒரு சோதனைக் குழி வெட்டுங்கள். ஒவ்வோர் அடியிலும் ஒரு பிடி மண்ணை எடுத்து வரிசையாக வையுங்கள். ஓட்டுச் சில்லு, செங்கல் துண்டு, கரி தென்பட்டால் அது கொட்டிய மண். அதற்குக் கீழே வேர்நார்களுடன் கருத்த மண் படலம் வந்தால், அதுவே பழைய நிலத்தின் மேற்பரப்பு. செம்மண்ணுக்கு அடியில் வெளுத்து, ஈரத்தில் வழுவழுப்பாக இருக்கும் களிமண் வந்தால் வேலையை நிறுத்திப் புவித்தொழில்நுட்பப் பொறியாளரை (மண்ணையும் சரிவையும் ஆராய்பவர்) அழையுங்கள். நீலகிரியின் சார்னகைட் பாறை சிதைந்து உண்டாகும் அந்த அடுக்கு, நீர் ஊறினால் வலுவிழக்கும். குழியில் இறங்குபவரின் பாதுகாப்புக்கு, 4 அடியைத் தாண்டினால் பக்கங்களுக்குப் பலகை முட்டுக் கொடுக்க மறவாதீர்கள்.

மழைமானி:
மண்ணைப் பற்றி ஐயா சொல்லிவிட்டார்; நான் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது, அந்த மழையில் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மண்சரிவுகளில் இறந்தனர். குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழையே கடும் சோதனை என்பதால், சரிவை நவம்பர், டிசம்பரில் நின்று பார்க்க வேண்டும். சுவரின் கற்களுக்கிடையே தண்ணீர் தெளிவாகக் கசிகிறதா, சேறாக வருகிறதா என்று கவனியுங்கள். சேறாக வந்தால், உள்ளிருக்கும் மண் கரைந்து வெளியேறுகிறது என்று பொருள். சுவர் நடுவில் புடைத்திருக்கிறதா என்பதை மேலிருந்து தூக்குக்குண்டு விட்டாலே அறியலாம்.

உறிஞ்சுகுழி எங்கே வரப்போகிறது என்று நீங்கள் சொல்லவில்லை. குளியலறைத் தண்ணீரை அந்த முற்றத்துக்குள் இறக்கினால், மழையே இல்லாத மாதத்திலும் நிரப்பு மண் ஊறிக்கொண்டிருக்கும்.

தேயிலைமேடு:
இருவருக்கும் நன்றி. பின்சுவரிலிருந்து 12 அடியில் குழி வெட்டினோம். 5 அடி வரை ஓட்டுச் சில்லும் தளர்ந்த மண்ணும் கலந்திருந்தன. பிறகு அரை அடிக்கும் குறைவாக, தேயிலை வேர்களோடு கருமண். அதன்பின் பெருவிரலை அழுத்தினாலும் எளிதில் இறங்காத செம்மண். வெள்ளைக் களிமண் வரவில்லை. குழியில் நீரும் ஊறவில்லை. வீட்டை ஒட்டி வெட்டிய இடத்தில் 2 அடியிலேயே அந்தச் செம்மண் வந்துவிட்டது. சுவரில் புடைப்பு இல்லை.

கடைக்கால்:
இது நல்ல செய்தி. ஆனால் மேஸ்திரி சொன்ன 3 அடி வெளிப்பக்கத்துக்கு உதவாது.

கடைக்கால் பற்றிய இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1904, மண்ணில் அமையும் அடித்தளத்தின் கீழ்விளிம்பிலிருந்து கிடைமட்டத்துக்கு 30 டிகிரிச் சாய்வில் கீழ்நோக்கி வரையும் கோட்டைச் சரிவு வெட்டக் கூடாது என்றும், அந்த விளிம்புக்கும் சரிவுக்கும் இடையே குறைந்தது 90 செ.மீ. இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 3 அடி ஆழத்தில் நிறுத்தினால் சுவரின் அடிமட்டம் இன்னும் 5 அடி கீழே இருக்கும். அதற்கு அடித்தளத்தின் வெளிவிளிம்பு சுவரிலிருந்து ஏறத்தாழ 8¾ அடி தள்ளியிருக்க வேண்டும். 12 அடியில் தூண் வைத்து அதற்கு 4 அடி அகல அடித்தளம் போட்டால், அதன் வெளிவிளிம்பு 14 அடியில் வரும்; உங்களுக்கு மிஞ்சுவது 4 அடி. அதே அடித்தளத்தை 6 அடிக்கு இறக்கிச் செம்மண்ணில் அமர்த்தினால் எஞ்சும் இறக்கம் 2 அடி. தேவை 3½ அடி. கணக்கு மயிரிழையில் நிற்கிறது என்பதால், நான் அறையை 11 அடியாகக் குறைக்கச் சொல்வேன்.

வீட்டை ஒட்டிய தூண்களைப் பழைய கடைக்காலின் மட்டத்திலேயே நிறுத்துங்கள். அதற்குக் கீழே தோண்டினால் பழைய சுவரின் அடி பறிபோகும். வெளித்தூண்களின் குழிகளையும் ஒரே வாய்க்காலாக வெட்டாமல், ஒன்றை முடித்துக் கான்கிரீட் இட்ட பிறகு அடுத்ததைத் தோண்டுங்கள். இந்த வேலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை ஏற்ற காலம். புதிய அறைக்கும் பழைய சுவருக்கும் இடையே ஓர் அங்குல இடைவெளி விட்டு, மேலே தகரம் மூடிவிட்டால் இரண்டும் தனித்தனியாக அசையலாம். தரையை நிரப்பு மண்ணில் போடாமல், பிளிந்த் பீம்களின் (தூண்களைத் தரைமட்டத்தில் இணைக்கும் கான்கிரீட் உத்திரங்கள்) மேல், மண்ணில் சுமை இறங்காத தாங்கு தளமாகவே அமையுங்கள்.

பொக்லைன் கொண்டுவர மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவைப்படும். இந்த அளவு வேலைக்குக் கடப்பாரையும் மண்வெட்டியுமே நல்லவை. வரைபட அனுமதிக்குப் போகும்போது குழியின் படங்களையும் அடுக்குகளின் ஆழத்தையும் பொறியாளரிடம் கொடுங்கள். இரும்பின் அளவை அவர் கணக்கிட்டுத் தர வேண்டும்.

மழைமானி:
கூரைத் தண்ணீரைத் தாழ்வாரக் குழாயில் பிடித்து, சுவரைத் தாண்டித் தோட்டத்து ஓடை வரை மூடிய குழாயிலேயே கொண்டுபோய் விடுங்கள். உறிஞ்சுகுழி சுவருக்குப் பின்னால் வேண்டாம். வீட்டின் பக்கவாட்டில், நிரப்பில்லாத இடத்தில் அமையட்டும்.