ஆற்றோரம் கட்டினால் வெள்ள மட்டம் எவ்வளவு ஏறும்?

காலாங்வாசி:
எங்கள் புளோக்குக்கு எதிரே ஆற்றங்கரையை மண் கொட்டி உயர்த்திக் கட்டடம் எழுப்பப் போகிறார்கள். கூடவே, ஆற்றுக்குள் இரண்டு தூண் நிற்கும் ஒரு சிறு பாலமும். பெருமழையில் என்ன ஆகும் என்று கேட்டேன். "மட்டம் 3 சென்டிமீட்டர்தான் ஏறும்" என்றார்கள். நம்பலாமா?

செங்கல்:
தாராளமாக நம்பலாம் அண்ணே. ஆற்றின் குறுக்குவெட்டை அளந்து கணினியில் ஏற்றுவார்கள். அதே மழையைக் கட்டடம் இல்லாமல் ஒரு தடவை, கட்டிய பிறகு ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த 3. அதோடு 2014 முதல் 0.2 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள புதுக் கட்டுமானங்கள் தங்கள் மனையில் விழும் மழைநீரைத் தேக்கிவைத்து மெதுவாகத்தான் வடிகாலில் விடவேண்டும் என்பது சிங்கப்பூரின் தேசிய நீர் முகவையான பியுபியின் விதி. இங்கே யாரும் கண்ணை மூடிக்கொண்டு கட்டுவதில்லை.

நீரளவு:
அந்த விதி மனையில் விழும் மழைக்கு. ஆறு கரை மீறி வரும்போது பரவி நிற்கும் இடத்தை மண் கொட்டி நிரப்பினால், அந்தத் தண்ணீருக்கு விதி என்ன செய்யும்?

3 சென்டிமீட்டர் எந்த இடத்தில் என்றும் கேட்கவேண்டும். நிதானமாக ஓடும் ஆற்றில் தூண் வைத்து நெருக்கினால், தண்ணீர் ஆறு வரும் திசையில், தூணுக்கு முன்னால்தான் முட்டி ஏறும். தாழ்ந்த கரையை நிரப்புவது வேறு கதை. அங்கே பரவி நின்று மெல்ல வடிந்த வெள்ளம் இனி மொத்தமாகவும் சீக்கிரமாகவும் கீழே இறங்கும். அடி படுவது ஆறு போகும் திசையில் இருக்கும் கீழ்க்கரை. பாலத்தடியில் மட்டும் அளந்தால் இந்த இரண்டாவது பாதிப்பு கண்ணிலேயே படாது.

செங்கல்:
ஆற்றோரம் கை வைத்தாலே கெடுதல் என்று ஆகிவிடாது. பீஷான் – அங் மோ கியோ பூங்காவைப் பாருங்கள். 2.7 கிலோமீட்டர் சிமெண்டுக் கால்வாயைப் புல்லும் பாறையுமாக மாற்றினார்கள். 2012ல் திறந்தார்கள். புல் ஓட்டத்தைத் தடுக்கும், ஆனாலும் வெள்ளத்தைத் தாங்கும் திறன் கூடியது.

நீரளவு:
நல்ல உதாரணம், என் பக்கத்துக்கு! புல் ஓட்டத்தைத் தடுத்தும் திறன் கூடியதே, ஏன்? 24 மீட்டருக்குள் அடைந்து கிடந்த தண்ணீர் பெருமழையில் 100 மீட்டர் அளவுக்கு விரிய இடம் விட்டார்கள். இவர் புளோக்குக்கு எதிரே நடப்பது அதற்கு நேர்மாறு.

தோபாயோ அக்கா:
என் தங்கை வீடு சென்னையில், அடையாற்றங்கரையில். 2015 டிசம்பரில் தரைத்தளம் முழுக்கத் தண்ணீர். செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அந்த ஆற்றின் மேலேயே கிடக்கிறது. கரையில் வரிசையாக எத்தனை கட்டடங்கள்! ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டால் எல்லாமே "கொஞ்சம்தான்" என்று வரும் தம்பி.

செங்கல்:
அக்கா சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். கூட்டுவிளைவைச் சேர்த்துப் பார்ப்பதுதான் முறை. ஆனால் எந்தத் திட்டத்தையும் நிறுத்து என்பதற்கு அது காரணமாகாது. ஆர்ச்சர்ட் சாலையில் 2010ல் வெள்ளம் வந்தபோது கடைகளையா இடித்தார்கள்? 38,000 கன மீட்டர் நிலத்தடித் தொட்டியும் மாற்றுக் கால்வாயும் கட்டி 2018ல் முடித்தார்கள். பாதிப்பைப் பொறியியலால் ஈடுகட்டலாம்.

நீரளவு:
வெள்ளம் வந்து எட்டு வருடம் கழித்து.

காலாங்வாசி, நிரப்பும் கொள்ளளவுக்கு ஈடாக வேறெங்கே தோண்டுகிறார்கள் என்று கேளுங்கள். கணினிக் கணக்கு முடியும் கீழ் எல்லையில், அதாவது ஆறு வெளியேறும் முனையில், நீர்மட்டம் எவ்வளவு உயரமாக இருப்பதாக வைத்தார்கள் என்றும் கேளுங்கள். அதைத் தாழ்வாக வைத்தால் கணக்கில் வெள்ளம் கரை மீறாமலே போய்விடலாம், நிரப்பியதன் பாதிப்பும் தெரியாது.

காலாங்வாசி:
இரண்டையும் எழுதிக்கொண்டேன். சனிக்கிழமை குடியிருப்பாளர் கூட்டத்தில் கேட்கிறேன்.